கேன்டர்பரி பெண்கள் ஸ்கூல் கேஸ், 1833–34: கோர்ட்ல தப்பிச்சு ராத்திரியில மூடின பள்ளிக்கூடம்

இந்தக் கேஸப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் கறுப்பினப் பொண்ணுங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுத்ததுக்காக 1833 ஜூன்ல ஒரு டீச்சரம்மா ஜெயிலுக்குப் போனதுலேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க. எனக்கு அது சரியாப் படல. ஏன்னா இது அதுக்கு ஒன்பது மாசம் முன்னாடி, 1832 செப்டம்பர்ல, 20 வயசுப் பொண்ணு ஒருத்தி வந்து தயங்கித் தயங்கிக் கேட்ட ஒரு கேள்வியில ஆரம்பிச்சது. அந்தப் பொண்ணு பேரு சாரா ஹாரிஸ். அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல கேன்டர்பரிங்கற சின்ன ஊர்ப் பக்கம் விவசாயம் பண்ணின ஒரு சுதந்திரக் கறுப்பினக் குடும்பத்துப் பொண்ணு. அவ கேட்டது இதுதான்: மிஸ் க்ராண்டல், எனக்கு இன்னும் கொஞ்சம் படிக்கணும், முடிஞ்சா கறுப்பினக் குழந்தைங்களுக்குச் சொல்லிக்குடுக்கற அளவுக்குப் படிக்கணும், உங்க ஸ்கூல்ல சேத்துக்கிட்டீங்கன்னா காலத்துக்கும் கடன்பட்டிருப்பேன், ஆனா அதனால உங்களுக்கு ஏதாவது கெடுதல் வரும்னு நினைச்சீங்கன்னா நான் வற்புறுத்த மாட்டேன்.

அந்தக் கடைசி வரிய மறுபடியும் படிங்க. படிக்கணும்னு கேக்க வந்த பொண்ணு, கேட்ட வாயாலயே கேட்டத வாபஸ் வாங்கவும் தயாரா நிக்கிறா. அந்த ஊர்ல தான் யாருனு அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு.

மிஸ் க்ராண்டல்ங்கறது ப்ரூடன்ஸ் க்ராண்டல். 1803ல ரோட் ஐலண்ட்ல குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவச் சேந்த ஒரு குடும்பத்துல பிறந்தவங்க. 1831ல கேன்டர்பரி ஊர் நடுவுல இருக்கற பெரிய வீட்ட வாங்கி, ஊர்ப் பெரிய மனுஷங்களோட ஆதரவோட பெண்களுக்கு ஒரு போர்டிங் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பொண்ணுங்க படிச்சாங்க, ஸ்கூல் நல்லாவே போய்க்கிட்டு இருந்துச்சு. அந்த வீட்டுல வேலைக்கு இருந்த மரியா டேவிஸ்ங்கற கறுப்பினப் பொண்ணு, சாராவோட அண்ணன் தம்பியில ஒருத்தருக்கு நிச்சயமானவ. பாஸ்டன்ல வில்லியம் லாய்ட் காரிசன் 1831 ஜனவரியில ஆரம்பிச்ச அடிமை ஒழிப்புப் பத்திரிகை லிபரேட்டர், க்ராண்டல் கைக்குப் போனது இந்த மரியா வழியாத்தான். அதாவது இந்த விவகாரத்துல டீச்சர் மனச மாத்தினது பாஸ்டன்ல இருந்த தலைவருங்க இல்ல, சமையல்கட்டுப் பக்கம் வேலை பாத்த பொண்ணு. க்ராண்டல் உடனே சரினு சொல்லல. யோசிச்சாங்க. பைபிள்ல பிரசங்கி 4ஆம் அதிகாரத்துல ஒடுக்கப்பட்டவங்களோட கண்ணீரப் பத்தியும் அவங்களத் தேத்த யாருமில்லங்கறதப் பத்தியும் வர்ற இடம் கண்ணுல பட்டுச்சுனு பின்னாடி அவங்களே எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம் சாராவச் சேத்துக்கிட்டாங்க.

சாராவோட பெஞ்சுல உக்காந்த வெள்ளைக்காரப் பொண்ணுங்கள்ல சில பேரு ஏற்கனவே அவளோட ஊர்ப் பொதுப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சவங்க. அப்ப யாரும் ஒரு வார்த்தை பேசல. எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்கும் கணக்குப் போடறதுக்கும் பக்கத்துல உக்காரலாம், ஆனா வேதியியல், வானியல், ஓவியம், பியானோ, பிரெஞ்சு எல்லாம் சொல்லிக்குடுத்து ஒருத்திய சீமாட்டியா ஆக்குற ஸ்கூலுக்குள்ள வரக்கூடாது. எதிர்ப்பு கிளம்பின இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன். கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சா பரவாயில்ல, மேல ஏறி வந்து சமமா நிக்கறத மட்டும் அந்த ஊரால பொறுத்துக்க முடியல. கனெக்டிகட் ஒண்ணும் தெற்குப் பக்கத்துப் பருத்தி மாநிலம் கிடையாது, அடிமை முறைய படிப்படியா ஒழிக்கிற சட்டம் அங்க 1784லயே வந்துடுச்சு (முழுசா ஒழிஞ்சது 1848லதான்). அந்த மாநிலத்துல நடந்த கதை இது.

அந்த ஊர்ப் பாதிரியார் ஒருத்தரோட மனைவி வந்து, இந்தப் பொண்ண வெச்சுக்கிட்டா ஸ்கூல் தாங்காதுனு சொல்லியிருக்காங்க. அதுக்கு க்ராண்டல், அப்படின்னா ஸ்கூல் மூழ்கட்டும், நான் அவள வெளிய அனுப்ப மாட்டேன்னு பதில் சொன்னாங்க. வெள்ளைக்காரப் பெத்தவங்க பொண்ணுங்கள ஒவ்வொருத்தரா நிறுத்த ஆரம்பிச்சாங்க.

இங்கதான் க்ராண்டல் யாரும் எதிர்பாக்காத முடிவு எடுத்தாங்க. 1833 ஜனவரியில பாஸ்டன் போய் காரிசனப் பாத்தாங்க, திரும்பி வந்து மிச்சமிருந்த வெள்ளைக்கார மாணவிகள அனுப்பிட்டு, மார்ச் 2ஆம் தேதி லிபரேட்டர்ல விளம்பரம் குடுத்தாங்க, ஏப்ரல் மாசத்துலேர்ந்து இது கறுப்பினப் பெண்களுக்கான ஸ்கூல், மூணு மாசத்துக்கு 25 டாலர் ஃபீஸ், பாதி முன்பணம்னு. விளம்பரத்துக்குக் கீழ ஆதரவாளர் பட்டியல்ல நியூயார்க் வியாபாரி ஆர்தர் டாப்பன், ஃபிலடெல்ஃபியாவுல கப்பல் பாய் தைக்கற தொழில் நடத்தின கறுப்பினத் தலைவர் ஜேம்ஸ் ஃபோர்ட்டன் மாதிரி பேருங்க இருந்துச்சு. பாஸ்டன், பிராவிடன்ஸ், நியூயார்க், ஃபிலடெல்ஃபியானு பல ஊர்லேர்ந்து பொண்ணுங்க வந்து, கொஞ்ச நாள்ல 20 பேருக்கு மேல ஆயிடுச்சு. 25 டாலர் அன்னிக்குச் சின்னக் காசு இல்ல. பொண்ணு படிக்கணும்னு அத எடுத்து வெச்ச கறுப்பினக் குடும்பங்களோட தைரியத்தப் பத்தி இந்தக் கேஸ்ல யாரும் அதிகமாப் பேசறதில்ல.

எதிர்ப்புக்குத் தலைமை ஏத்தவர் ஆண்ட்ரூ ஜட்சன். லாயர், அரசியல்வாதி, க்ராண்டலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், முதல்ல ஸ்கூல ஆதரிச்சவங்கள்ல ஒருத்தர். அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்துல இருந்தவர். 1816ல ஆரம்பிச்ச அந்தச் சங்கத்தோட நிலைப்பாடு என்னன்னா, சுதந்திரம் அடைஞ்ச கறுப்பின மக்கள ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேத்திடணும், இங்க அவங்க சமமா வாழ முடியாதுங்கறது. அந்தக் காலத்துல இதையும் ஒரு சீர்திருத்தமாத்தான் பாத்தாங்க, நல்ல மனசுக்காரங்கனு பேரெடுத்த எத்தனையோ பேர் அதுக்கு நன்கொடை குடுத்தாங்க. காரிசன் கூட்டம் இத நேருக்கு நேரா எதிர்த்துச்சு, அவங்க இங்கயே பிறந்தவங்க, இங்கயேதான் இருப்பாங்க, உடனே விடுதலை வேணும்னு. கேன்டர்பரி கேஸ் உண்மையில இந்த ரெண்டு கட்சிக்கும் நடுவுல நடந்த மோதல். கறுப்பினப் பொண்ணுங்களுக்கு நல்ல படிப்பு குடுத்தா அவங்க இங்கயேதான இருப்பாங்க, அப்புறம் எங்க கப்பலேத்தறது?

மார்ச் 9ஆம் தேதி டவுன் மீட்டிங். பெண்ணுங்கறதால க்ராண்டல் அங்க பேச முடியாது, ஓட்டும் கிடையாது. அவங்களுக்காக பக்கத்து ஊர் ப்ரூக்ளின்லேர்ந்து சாமுவேல் மேங்கற யூனிட்டேரியன் பாதிரியாரும், ஆர்னல்ட் பஃபம்ங்கற குவேக்கரும் போனாங்க (இந்த ப்ரூக்ளின் கனெக்டிகட்ல இருக்கறது, நியூயார்க் ப்ரூக்ளின் இல்ல). கையில ஒரு சமாதானத் திட்டமும் இருந்துச்சு. வீட்ட வாங்கின விலைக்கே ஊர் எடுத்துக்கிட்டா, க்ராண்டல் ஸ்கூல ஊருக்கு ஒதுக்குப்புறமா மாத்திக்கத் தயார்னு. அதச் சொல்லவே விடல. வெளியூர்க்காரன் எங்க ஊர் விஷயத்துல பேசக்கூடாதுனு முஷ்டிய நீட்டி மிரட்டியிருக்காங்க. மீட்டிங் முடிஞ்சுதுனு அறிவிச்சதும் மே ஒரு பெஞ்சு மேல ஏறி நின்னு பேச ஆரம்பிச்சாரு, சில நிமிஷத்துல எல்லாரையும் வெளிய அனுப்பிக் கதவச் சாத்திட்டாங்க.

நம்மளோட நேரடியாத் தொடுப்பு இருக்கற ஒரு விஷயத்த இந்த இடத்துல சொல்லியே ஆகணும். யாழ்ப்பாணத்துல உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்த 1824ல ஆரம்பிச்சவங்க ஹாரியட் வின்ஸ்லோ. அவங்க கணவர் மிரன் வின்ஸ்லோதான் 1862ல வந்த தமிழ்–ஆங்கில அகராதிக்காரர். ஹாரியட்டோட சொந்த ஊர் கனெக்டிகட்ல நார்விச், கேன்டர்பரிக்குப் பக்கத்து ஊருனே சொல்லலாம். அவங்க யாழ்ப்பாணத்துலயே 1833 ஜனவரியில இறந்தாங்க, கேன்டர்பரியில சண்டை வெடிக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. அதே மண்ணுலேர்ந்து கடல் கடந்து வந்த ஒருத்தங்க தமிழ்ப் பொண்ணுங்களுக்கு உண்டு உறைவிடப் பள்ளி நடத்தறாங்க, அதே மண்ணுல பக்கத்துத் தெருக் கறுப்பினப் பொண்ணுக்கு அதே மாதிரிப் பள்ளி கூடாதுங்கறாங்க. இது தெரிஞ்ச நாள்லேர்ந்து என்னால இந்தக் கேஸ வேற யாரோட கதையாவோ பாக்க முடியல.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஊர் கையில எடுத்த முதல் ஆயுதம் ஒரு பழைய சட்டம், வெளியூர்லேர்ந்து வந்து தங்கற ஏழைங்க ஊருக்குப் பாரமாயிடக் கூடாதுனு எப்பவோ போட்டது. அதுப்படி ஊர விட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ் குடுக்கலாம், போகலன்னா வாரத்துக்கு 1 டாலர் 67 சென்ட் அபராதம், அதயும் கட்டாம அங்கயே இருந்தா சட்டையக் கழட்டி 10 சவுக்கடி வரைக்கும் குடுக்கலாம். இந்த நோட்டீஸ பிராவிடன்ஸ்லேர்ந்து படிக்க வந்த 17 வயசு ஆன் எலைசா ஹேமண்ட்ங்கற பொண்ணு மேல போட்டாங்க. ஃபீஸ் கட்டிப் படிக்க வந்த பொண்ணுக்கு நாடோடினு பேரு. மே ஊருக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் குடுத்தாரு, சவுக்கு இறங்கல. ஆனா ஒண்ண யோசிச்சுப் பாருங்க, அந்தப் பொண்ணு அதுக்கப்புறமும் ஊருக்குத் திரும்பிப் போயிடல, அடி விழலாம்னு தெரிஞ்சே கிளாஸ்ல உக்காந்திருந்தா.

பழைய சட்டம் வேலைக்காகலனு புதுசு போட்டாங்க. 1833 மே 24ஆம் தேதி கனெக்டிகட் சட்டமன்றம் நிறைவேத்தினது, கறுப்புச் சட்டம்னே பேர் ஆயிடுச்சு. இதோட வரைவு ரொம்ப நுணுக்கமானது, கவனிச்சுப் படிக்கணும். கறுப்பின மக்களுக்குப் படிப்பு கூடாதுனு எங்கயும் சொல்லல. இந்த மாநிலத்துல குடியில்லாத கறுப்பின மக்களுக்குப் பாடம் சொல்ற ஸ்கூல், அந்த ஊர் அதிகாரிங்கள்ல பெரும்பாலானவங்களோட எழுத்துமூல அனுமதி இல்லாம நடத்தக் கூடாது, அவ்வளவுதான். முதல் தடவை 100 டாலர் அபராதம், அடுத்தடுத்த தடவை ரெட்டிப்பு. ஊர் அனுமதி குடுக்கப் போறதில்லனு எல்லாருக்கும் தெரியும், அதனால பாக்கறதுக்கு ஒழுங்குமுறை மாதிரி இருக்கற சட்டம் உண்மையில ஒரே ஒரு ஸ்கூலுக்குப் போட்ட பூட்டு. சேதி வந்த அன்னிக்குக் கேன்டர்பரியில சர்ச் மணி அடிச்சு பீரங்கி வெடிச்சுக் கொண்டாடியிருக்காங்க.

ஜூன் 27ஆம் தேதி க்ராண்டலக் கைது பண்ணி ப்ரூக்ளின் ஜெயிலுக்குக் கொண்டு போனாங்க. ஜாமீன் தொகை பெருசில்ல, நண்பருங்க யாரு வேணா கட்டியிருக்கலாம். கட்டலங்கறது திட்டமிட்ட முடிவு. ஒரு பொண்ண, பாடம் சொல்லிக்குடுத்த குத்தத்துக்காக ஜெயில்ல வெச்சாங்கங்கற அவமானத்த அரசாங்கமே சுமக்கட்டும்னு மே நினைச்சாரு. ஷெரிஃபுக்கே சங்கடமா இருந்திருக்கு, இவரு வந்து ஜாமீன் கட்டிக் கூட்டிட்டுப் போயிடுவாருனு எதிர்பாத்திருக்காங்க. மே ஜெயில் வாசல்ல க்ராண்டல் கிட்ட, இஷ்டமில்லனா இப்பவே சொல்லுங்கனு தணிவாக் கேட்டாரு, அவங்களோ எனக்கு ஒரே பயம், இவங்க என்ன ஜெயில்ல போடாம விட்டுடுவாங்களோங்கறதுதான்னு சொல்லியிருக்காங்க. மே எழுதி வெச்சபடி அது மனைவியக் கொன்ன வாட்கின்ஸ்ங்கறவன் தூக்குக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா இருந்த அறை. அதச் சுத்தம் பண்ண வெச்சு, வெளியிலேர்ந்து நல்ல படுக்கை கொண்டுவந்து போட்டாங்க, அன்னா பென்சன்ங்கற தோழி ராத்திரி துணைக்கு இருந்தாங்க. மறுநாள் ஜாமீன் கட்டி வெளிய வந்தாச்சு. அந்த ஒரு ராத்திரி நாடு பூரா பத்திரிகையில பரவிடுச்சு. டாப்பன் கேஸ் செலவு முழுக்க ஏத்துக்கிட்டாரு, உள்ளூர்ப் பத்திரிகைங்க இவங்க பக்கத்து நியாயத்தப் போட மாட்டேங்குதுனு யூனியனிஸ்ட்னு தனியா ஒரு பத்திரிகைக்கே பணம் குடுத்தாரு.

முதல் விசாரணை ஆகஸ்ட்ல. மாணவிகளயே சாட்சிக் கூண்டுல ஏத்தி டீச்சருக்கு எதிராப் பேச வைக்கப் பாத்தாங்க, அவங்க சுலபத்துல வாயத் திறக்கல. வாதம் எதுல நின்னுச்சுன்னா, அரசியல் சாசனத்தோட 4ஆவது பிரிவு ஒரு மாநிலத்துக் குடிமக்களுக்கு இன்னொரு மாநிலத்துலயும் அதே உரிமைங்க உண்டுங்குது. அப்ப பிராவிடன்ஸ்லேர்ந்து வர்ற வெள்ளைக்காரப் பொண்ணு கேன்டர்பரியில படிக்கலாம்னா கறுப்பினப் பொண்ணும் படிக்கலாம். படிக்கக் கூடாதுனு சொல்லணும்னா அவ குடிமகளே இல்லனு சொல்லணும். க்ராண்டல் தரப்பு லாயருங்க வில்லியம் எல்ஸ்வொர்த்தும் கால்வின் காடர்டும் சுதந்திரப் போர்ல சண்டை போட்ட கறுப்பினச் சிப்பாய்ங்கள ஞாபகப்படுத்தினாங்க, நாட்டுக்காக ரத்தம் சிந்தினவன் குடிமகன் இல்லனா வேற யாருனு. எதிர்ல ஜட்சன். ஜூரியில 7 பேர் குற்றவாளிங்கறாங்க, 5 பேர் இல்லங்கறாங்க, திரும்பத் திரும்ப அனுப்பியும் ஒத்துப் போகல. அந்த 5 பேரும் அதே சுத்துவட்டாரத்து ஆளுங்கதான், ஊர் மொத்தமும் ஒரே மனசா இருந்துச்சுனு சொல்றது தப்பு.

அக்டோபர்ல ரெண்டாவது விசாரணை, ஜட்ஜ் டேவிட் டாகெட். மாநிலத்தோட தலைமை நீதிபதி. ரெண்டு வருஷம் முன்னாடி, 1831ல, நியூ ஹேவன்ல கறுப்பின இளைஞர்களுக்கு ஒரு காலேஜ் கட்டலாம்னு திட்டம் வந்தப்ப ஊர் கூடி 700க்கு 4னு அதத் தோக்கடிச்சாங்க, எதிர்த்தவங்கள்ல இந்த டாகெட்டும் ஒருத்தர். அவரு ஜூரிக்குச் சொன்னது: அரசியல் சாசனத்துல குடிமக்கள்ங்கற சொல்லுக்குள்ள கறுப்பின மக்கள் அடங்க மாட்டாங்க. ஜூரி குற்றவாளினு தீர்ப்புச் சொல்லிடுச்சு. அப்பீல் போச்சு. 1834 ஜூலையில மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைய ரத்து பண்ணுச்சு, ஆனா காரணம் என்னன்னா குற்றப்பத்திரிகையில அனுமதி இல்லாம நடத்தினாங்கங்கற விஷயத்தச் சரியா எழுதல, அதனால குற்றப்பத்திரிகை செல்லாது. அவங்க குடிமக்களா இல்லையாங்கற கேள்வியக் கோர்ட் தொடவே இல்ல.

இத வெற்றினு சில இடத்துல எழுதியிருக்கறதப் பாக்கறப்ப எனக்கு மனசு ஒப்பல. க்ராண்டல் தப்பிச்சாங்க, உண்மைதான். சட்டம் அப்படியே இருந்துச்சு, டாகெட் சொன்ன வார்த்தையும் ரத்தாகாம அப்படியே புத்தகத்துல உக்காந்துடுச்சு.

கோர்ட் ஒரு பக்கம்னா தினப்படி வாழ்க்கை இன்னொரு பக்கம். ஊர்க் கடையில சாமான் குடுக்கல. சர்ச்ல உள்ள விடல. டாக்டர் வர மாட்டேன்னாரு. வீட்டுக் கிணத்துல சாணத்தக் கொட்டினாங்க, பக்கத்துல யாரும் ஒரு வாளித் தண்ணி குடுக்கல, க்ராண்டலோட அப்பா தன் பண்ணையிலேர்ந்து தண்ணி கொண்டுவந்து ஊத்தினாரு, அவரையும் அபராதம் போடுவோம்னு மிரட்டினாங்க. பொண்ணுங்க வெளிய நடந்தா பின்னாலயே கொம்பு ஊதிக் கத்திக்கிட்டு வருவாங்க, முட்டையும் கல்லும் பறக்கும். 1834 ஆரம்பத்துல வீட்டு மூலையில தீப்பிடிச்சுது, அதுக்கு ஃப்ரெடரிக் ஆல்னிங்கற கறுப்பினக்காரர் மேலயே கேஸ் போட்டாங்க, ஜூரி அவர விடுதலை பண்ணுச்சு. இவ்வளவுக்கும் நடுவுல காலையில பாடம், மத்தியானம் பாடம். குடிக்கற தண்ணிய அளந்து ஊத்திக்கிட்டு, கதவுக்கு வெளிய என்ன நடக்குதுனு காதத் தீட்டி வெச்சுக்கிட்டு பிரெஞ்சு வினைச்சொல் மனப்பாடம் பண்ணின அந்தப் பொண்ணுங்களத்தான் என்னால மறக்க முடியல.

1834 செப்டம்பர் 9 ராத்திரி ஒரு கும்பல் தடியும் இரும்புக் கம்பியுமா வந்து ஜன்னல்கள அடிச்சு நொறுக்குச்சு. கிட்டத்தட்ட 90 கண்ணாடி. உள்ள இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சின்னப் பொண்ணுங்க. மறுநாள் மேதான் அந்தப் பொண்ணுங்க கிட்ட, இனி இங்க உங்களப் பத்திரமா வெச்சுக்க முடியாது, வீட்டுக்குப் போயிடுங்கனு சொன்னாரு. சொல்லும்போது வார்த்தை வாயச் சுட்டுச்சு, ஊரையும் மாநிலத்தையும் நினைச்சு வெக்கப்பட்டேன்னு அவரே எழுதியிருக்காரு. 17 மாசம் நடந்த ஸ்கூல் அதோட மூடியாச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுல சிலத மட்டும் சொல்றேன். அங்க படிச்ச ஜூலியா வில்லியம்ஸ் நியூ ஹாம்ப்ஷயர்ல கேனன்ங்கற ஊர்ல நாய்ஸ் அகாடமியில சேந்தா, வெள்ளை, கறுப்பு ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்ச ஸ்கூல் அது. 1835 ஆகஸ்ட்ல ஊர்க்காரங்க ஏகப்பட்ட ஜோடி மாட்டப் பூட்டி அந்தக் கட்டிடத்த அஸ்திவாரத்துலேர்ந்தே இழுத்துப் போட்டாங்க. ஒரே பொண்ணு, ரெண்டு ஸ்கூல், ரெண்டயும் அவ கண்ணு முன்னாடியே இல்லாம ஆக்கிட்டாங்க. ஜூலியா படிப்ப விடல, மூணாவதா இன்னொரு ஊருக்குப் போய்ப் படிச்சு, பின்னாடி அடிமை ஒழிப்புத் தலைவர் ஹென்றி ஹைலண்ட் கார்னெட்டக் கல்யாணம் பண்ணி அதே இயக்கத்துல நின்னாங்க. கறுப்புச் சட்டம் 1838ல ரத்தாச்சு, அந்தச் சட்டத்தக் கொண்டுவர முன்னால நின்ன ஃபிலிப் பேர்ல் அதுக்குள்ள மனசு மாறி, தான் செஞ்சதுக்கு ரொம்பவே வருத்தப்பட்டாரு. ஜட்சன் ஃபெடரல் ஜட்ஜ் ஆனாரு, 1840 ஜனவரியில அமிஸ்டாட் கப்பல் கேஸ்ல, அந்தக் கப்பல்ல இருந்த ஆப்பிரிக்கர்கள சட்டவிரோதமாக் கடத்திக் கொண்டுவந்தாங்க, அவங்க அடிமைங்க இல்ல, திருப்பி அனுப்புங்கனு தீர்ப்புச் சொன்னவர் அதே ஆளுதான். மனசு மாறிட்டாருனு சில பேர் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல, அவங்க ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போறவங்க, பக்கத்து வீட்டுல குடி வர்றவங்க இல்ல, அவரோட பழைய கொள்கைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் முரண்பாடே கிடையாது.

டாகெட்டோட வார்த்தைதான் ரொம்ப தூரம் போச்சு. 1857ல ட்ரெட் ஸ்காட் கேஸ்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாதுனு தீர்ப்புச் சொன்னப்ப, தலைமை நீதிபதி டேனி வடக்கு மாநிலத்துலயே இப்படித்தான் நினைச்சாங்க பாருங்கனு ஆதாரமா எடுத்துக் காட்டினதுல இந்தக் கனெக்டிகட் சட்டமும் க்ராண்டல் கேஸும் உண்டு. 1834ல குற்றப்பத்திரிகைக் கோளாறோட நிறுத்தாம அந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்லியிருந்தா டேனிக்கு அந்த ஒரு ஆதாரமாவது இல்லாமப் போயிருக்கும்.

க்ராண்டல் 1834லயே கால்வின் ஃபிலியோங்கற பாதிரியாரக் கல்யாணம் பண்ணிக்கிட்டு கனெக்டிகட்ட விட்டுப் போயிட்டாங்க, இல்லினாய்ல ரொம்ப வருஷம், கடைசியில கன்சாஸ்ல எல்க் ஃபால்ஸ்ங்கற ஊர். 1886ல கேன்டர்பரிக்காரங்களே மனு போட்டு, மார்க் ட்வைன் மாதிரி ஆளுங்களும் சேந்து பேசி, கனெக்டிகட் சட்டமன்றம் வருஷத்துக்கு 400 டாலர் பென்ஷன் குடுத்துச்சு. அப்ப அவங்களுக்கு 82 வயசு. 1890 ஜனவரியில இறந்தாங்க. அந்த வீடு இன்னிக்கு மியூசியம்.

சாரா ஹாரிஸ், ஸ்கூல் நடந்துக்கிட்டு இருந்தப்பவே 1833ல ஜார்ஜ் ஃபேயர்வெதர்ங்கற கொல்லரக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பின்னாடி ரோட் ஐலண்ட்ல கிங்ஸ்டன்ல அவங்க வீடு அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காரங்க வந்து கூடற இடமாச்சு. மூத்த பொண்ணுக்கு ப்ரூடன்ஸ் க்ராண்டல் ஃபேயர்வெதர்னு முழுசாப் பேர் வெச்சாங்க.